ஒருமனசுப்பட்டிக்கு இலையுதிர் காலம் வந்த கதை

ஒருமனசுப்பட்டியில் சூரியன் தினமும் கிழக்கேதான் உதிக்கும். எல்லா ஊரிலும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். மற்ற ஊர்களில் அது ஏதோ பழக்கதோஷத்தில் நடக்கிறது. ஒருமனசுப்பட்டியில் அதற்கு முறையான தீர்மானம் இருக்கிறது. ‘சூரியன் கிழக்கிலேயே தொடர்ந்து உதிக்க வேண்டும்’ என்று ஊர்க்குழு என்றைக்கோ ஏகமனதாக நிறைவேற்றியது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அது வடக்கே உதித்ததில்லை. போராடினால் பலன் உண்டு என்பதற்கு அந்த ஊரார் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

குழுவுக்குத் தலைவர் கொம்பையா. ஊரில் டிராக்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் தலைமைப் பண்பு அவரிடம் இயற்கையிலேயே அமைந்திருந்தது. பொருளாளர் ஆதிமூலம். குழுவிடம் பொருள் எதுவும் இல்லாததால் அவர் மீது இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. மூன்றாவது ஆள் சுடலைமுத்து. எதிர்ப்பே இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறினால் அது சர்வாதிகாரமாகிவிடும் என்பதற்காக, எதிர்ப்பதற்கென்றே அவரை வைத்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் எழுந்து நின்று காரசாரமாக எதிர்ப்பார். பிறகு உட்கார்ந்து ஆதரவாகக் கை தூக்குவார்.

செயலாளர் மாரிக்கண்ணு. இது அவன் கதை.

காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்று, நாலாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் செவ்வந்தி பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுக் கேட்டாள்:

“யப்பா, இந்த லீவுலயும் சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கணுமா?”

மாரிக்கண்ணு சுவரைப் பார்த்தான். நல்ல சுவர்தான். ஆனால் பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி பேச்சிக்கனியின் அண்ணன் ராசரத்தினம் காரில் வந்து இறங்கினார். அவர் கடல் கடந்து ஒரு குளிர் நாட்டுக்குப் போய், அந்தக் குளிர் போதாதென்று அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்து, இப்போது திரும்பி வந்து டவுனில் குடியிருந்தார்.

“செவ்வந்திய எங்கூட அனுப்புங்க மச்சான்,” என்றார் காபியை ஆற்றிக்கொண்டே. “டவுன்ல பார்க் இருக்கு, சறுக்கு இருக்கு, ராட்டினம் இருக்கு. லீவு முடிஞ்சதும் அங்கயே ஸ்கூல்ல சேத்துருதேன். எம்பிள்ளைகளோட பிள்ளையா வளரட்டும்.”

பேச்சிக்கனி புருஷனைப் பார்த்தாள். புருஷன் கூரை ஓடுகளைப் பார்த்தான். ‘எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன்’ என்ற வார்த்தை அவன் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வெளியே வரவில்லை. ஒருமனசுப்பட்டியில் தனியொருவன் தனக்கென்று ஒன்றைக் கேட்டால் அதற்குச் சுயநலம் என்று பெயர். குழுவில் வைக்காமல் செயலாளரே அப்படி ஒரு வார்த்தையை விட்டால் நாளைக்கு ஊர் என்ன பேசும்?

“குழுவுல வெச்சுச் சொல்லுதேன் மச்சான்,” என்றான்.

“குழுவாவது குடுமியாவது! ஆயுத பூஜை அன்னைக்குச் சாயங்காலம் காரோட வாரேன். பிள்ளைகிட்டயே கேப்போம். வாரேன்னா கூட்டிட்டுப் போறேன். இருக்கேன்னா இருக்கட்டும்.”

பிறகு செவ்வந்தியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, தாம் இருந்த நாட்டைப் பற்றிச் சொன்னார். இந்த மாதம் அங்கே இலையுதிர் காலமாம். குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளோடு வெளியே கிளம்பிவிடுவார்களாம். இலை தானாக உதிருமாம். அதைக் குவித்து வைத்தால் பிள்ளைகள் ஓடிவந்து தொபீர் தொபீர் என்று குதிக்குமாம். ஆளுக்கொரு பூசணிக்காயில் கண்ணும் மூக்கும் வாயும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்களாம். மக்காச்சோளக் காட்டுக்குள் வளைந்து வளைந்து பாதை வெட்டி, உள்ளே போய்த் தொலைந்து, வழி கண்டுபிடித்து வெளியே வருவார்களாம்.

“யாராச்சும் குறுக்க பூந்து வந்துட்டா?” என்று கேட்டாள் செவ்வந்தி.

“அதெல்லாம் நடக்காது தாயி. அந்த ஊர்ல ஒருத்தன் கோட்டத் தாண்ட மாட்டான். ரோட்டுல ஈ காக்கா இல்லாட்டியும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிப்பான். நானும் அப்படியே பழகிட்டேன்.”

செவ்வந்தியின் கண் விரிந்ததை மாரிக்கண்ணு பார்த்தான். இந்த இலையுதிர் காலத்தை ஒருமனசுப்பட்டிக்குக் கொண்டுவந்துவிட்டால் பிள்ளை போகாது. அவனுக்குத் தெளிவாகிவிட்டது. கார் தெருமுனை திரும்பும் முன்பே குழுவைக் கூட்டினான்.

கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பூவரச மரத்தடியில் நடந்தது. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூட மதில்மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். செவ்வந்தி ஒரு பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து ஊதினாள்.

“சத்தம் போடாதீங்க பிள்ளைகளா! உங்க விளையாட்டப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கோம்,” என்று அதட்டினார் கொம்பையா. பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்கள்.

“நான் எதிர்க்கேன்,” என்று எழுந்தார் சுடலைமுத்து. “இலையுதிர் காலம்னு ஒண்ண வெளியூர்லருந்து கொண்டாந்தா, இங்க இருக்க மழைக் காலம் எங்க போகும்? அதுக்குப் பொழப்பு வேண்டாமா?”

“ரெண்டும் பேசி ஆளுக்குப் பாதி வெச்சுக்கிடட்டும்வே,” என்றார் கொம்பையா.

“அப்பச் சரி. ஆதரிக்கேன்.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். புரட்டாசி மழையில் குளித்த பூவரசு, ஓர் இலையைக்கூட விட்டுக்கொடுக்கும் உத்தேசம் இல்லாமல் பச்சைப் பசேலென்று நின்றது.

“உதிர்க்கிற மாதிரி தெரியலையே தலைவரே,” என்றான் மாரிக்கண்ணு.

“கேக்காம எப்படித் தரும்?” என்றார் கொம்பையா. “உசரத்துல இருக்கவன் எவன் கேக்காமக் குடுத்திருக்கான்? கோரிக்கைய வை. மறுத்தா போராட்டம்.”

மாரிக்கண்ணு மரத்தின் முன் நின்று கோரிக்கையை உரக்கச் சொன்னான். மரம் பதில் சொல்லவில்லை. இதைத்தான் ‘மௌனம் சாதித்தல்’ என்பார்கள். ஊர்க்குழு இந்தத் தந்திரத்தை எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறது. உடனே முழக்கம் ஆரம்பமானது.

“உதிர்த்திடு! உதிர்த்திடு!”

“இலைகளை உடனே உதிர்த்திடு!”

முழக்கத்துக்குப் பயந்து ஒரு காகம் பறந்தது. அது பறந்த வேகத்தில் இரண்டு இலை விழுந்தது. முதற்கட்ட வெற்றி என்று அதை அறிவித்து, மிச்ச இலைகளுக்காகத் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஒருவர் சாப்பிடப் போகும்போது இன்னொருவர் பட்டினி இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொம்பையா தமக்குத் தூங்குகிற நேரத்தை ஒதுக்கிக்கொண்டார். மரம் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில் ஆதிமூலம்தான் யோசனை சொன்னார். “நாமளே ஏறிப் பறிச்சிட்டா என்ன?”

“பறிச்சா அது பறிச்ச இலைவே. உதிர்ந்த இலை எப்படி ஆகும்?” என்றார் கொம்பையா.

“மச்சான் ‘தானா உதிரும்’னு அழுத்திச் சொன்னாரு,” என்றான் மாரிக்கண்ணு.

நீண்ட விவாதத்துக்குப் பின் வழி பிறந்தது. இலையைப் பறிப்பது; பறித்த இலையை மறுபடியும் கிளையிலேயே ஒட்டிவிடுவது; பிறகு அது தானாக உதிரும் வரை காத்திருப்பது. ஒருமனசுப்பட்டிக்காரர்கள் வாழ்நாள் முழுவதும் சுவரொட்டி ஒட்டி வளர்ந்தவர்கள். மைதாப் பசை காய்ச்சுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அண்டா அண்டாவாகப் பசை காய்ச்சினார்கள். பாதி மரத்தைப் பறித்து, பறித்ததையெல்லாம் காம்பு பார்த்து ஒட்டினார்கள். ஓர் இலையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார் என்று ஆதிமூலத்தைக் கண்டித்து, அதைப் பிய்த்து நேராக ஒட்டவைத்தார்கள்.

பசை உறுதியானது. ஒட்டாத இலைகூட ஒன்றிரண்டு விழுந்தது. ஒட்டிய இலை ஒன்றும் விழவில்லை. அவர்கள் சுவரில் முன்பொரு தேர்தலில் ஒட்டிய படம் இன்னமும் அப்படியே இருக்கிறது. படத்தில் இருந்தவர் கட்சி மாறி, திரும்பி வந்து, மறுபடியும் போய்விட்டார்.

அன்று ராத்திரி மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் பசை கரைந்து, ஒட்டிய இலையெல்லாம் தரையில் கிடந்தது.

“பணிந்தது மரம்!” என்று கூவினார் கொம்பையா. வெற்றி ஊர்வலம் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இலையை ஆள் உயரத்துக்குக் குவித்தார்கள். செவ்வந்தி மதிலிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

“பொறு தாயி,” என்று தடுத்தான் மாரிக்கண்ணு. “பிள்ளைங்க குதிக்கதுக்கு முன்ன பெரியவங்க சோதிக்கணும். அதான் முறை.”

அதற்குள் காற்று வீசி உச்சி இலைகள் பறந்தன. இவ்வளவு போராடிப் பெற்ற இலையைக் காற்றுக்குத் தாரை வார்க்க யாருக்கும் மனமில்லை. ஆதிமூலம் வீட்டிலிருந்து ஆட்டுக்கல்லை உருட்டி வந்து, குவியலின் நட்டநடு உச்சியில் ஏற்றி வைத்தார்கள். கல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழ்ந்து, இலை மூடி மறைந்தது. காற்று தோற்றுப்போய்த் திரும்பியது.

“தலைவர்தான் முதல்ல குதிக்கணும்,” என்றார் சுடலைமுத்து. அதுவரைக்கும் அவர் எதிர்க்காமல் ஆதரித்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து ஓடி வந்து குதித்தார். ‘தொபீர்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘ணங்’ என்று கேட்டது.

“எப்படி இருக்கு தலைவரே?”

கொம்பையா கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “இலையுதிர் காலம் ரொம்பக் கடினமா இருக்கு,” என்றார்.

அவரைக் கட்டிலில் தூக்கி எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோய்க் கணுக்காலுக்கு முட்டைப் பத்துப் போட்டுத் திரும்பி வந்தபோது, குவியல் இருந்த இடத்தில் ஆட்டுக்கல் மட்டும் இருந்தது. பூவரச இலையே ஆட்டுக்கு ஆசை. மைதாப் பசையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? ஊர் ஆடுகள் அத்தனையும் வயிறு உப்பிப்போய் நிழலில் படுத்திருந்தன. மதில்மேல் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களும் பசையைத் தின்றுவிட்டார்களோ என்று மாரிக்கண்ணு பயந்தான். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி பேச்சிக்கனி, செவ்வந்தியின் பாவாடை சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு இப்பவே?” என்றான் மாரிக்கண்ணு.

“அண்ணன் வரும்போது அவசரப்படக் கூடாதுல்லா. நீங்கதான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்களே.”

அவன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பை சின்னதுதான். ஆனாலும் அதில் வீடே காலியாகி உள்ளே போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் பூசணிக்காய். இது வில்லங்கம் இல்லாமல் முடியும் என்று நினைத்தார்கள். வீட்டு நிலையில் அரக்கன் முகம் எழுதிய பூசணிக்காய் தொங்கவிடுவதும், ஆயுத பூஜைக்குச் சுற்றி உடைப்பதும் அவர்களுக்குத் தெரியாததா? ஆனால் ராசரத்தினம் ‘ஆளுக்கொரு பூசணிக்காய்’ என்று சொல்லியிருந்தார். ஆளுக்கொன்று என்றால் அவரவர் முகம் என்றுதானே அர்த்தம்?

எனவே ஊரில் இருந்த மஞ்சள் பூசணி அத்தனையும் கொண்டுவந்து அவரவர் ஜாடைக்கு வெட்டினார்கள். கொம்பையாவுடையது ஆகப் பெரியது. அதற்கு ஒரு துண்டும் போட்டார்கள். சுடலைமுத்து தம்முடையதில் வாய் திறந்தே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மாரிக்கண்ணு தன் பூசணிக்கு வாய் வெட்டும்போது யோசித்தான். கடைசியில் சிறியதாக, மூடியும் மூடாமலும் ஒரு கீறல் போட்டான். பிள்ளைகளும் கத்தியைக் கேட்டார்கள். பெரியவர்கள் சோதித்து முடிக்கவில்லை என்று மறுக்கப்பட்டது.

வெட்டிய பூசணிகளை நிழலில் உலர்த்துவதற்காகக் கூட்டத்து நாற்காலிகளில் வரிசையாக வைத்தார்கள். நாற்காலி போதாமல் உறுப்பினர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அன்றைய பொருள்: மக்காச்சோளக் காட்டில் தொலைவது.

ஊரில் மக்காச்சோளம் போட்டிருந்தவர் கொம்பையா மட்டும்தான். அதையும் போன வாரம்தான் அறுத்திருந்தார்.

“அறுத்த காட்டுல என்னத்தத் தொலையது? கட்டாந்தரை. இங்கேருந்து பாத்தா அந்தக் கோடி தெரியுது,” என்றார். “அடுத்த வெள்ளாமை வரட்டும், பாப்போம்.”

ஆதிமூலமும் சுடலைமுத்தும் அதுவே சரி என்றார்கள். ஒருமனசுப்பட்டி வரலாற்றில் அவ்வளவு அறிவுபூர்வமான பேச்சு அதற்கு முன் நடந்ததில்லை. மாரிக்கண்ணு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அடுத்த வெள்ளாமை தை மாதம். ஆயுத பூஜை நாளை.

“நாளைக்கே தொலையணும்ங்கிற தீர்மானத்த எதிர்க்கவங்க கை தூக்கலாம்,” என்றான் செயலாளர் என்ற முறையில். மூன்று கைகள் உயர்ந்தன. அவன் கண் தற்செயலாக நாற்காலிகள் பக்கம் போனது.

“மத்தவங்க யாரும் தூக்கலையே தலைவரே,” என்றான்.

“மத்தவங்க யாரு?”

“இவங்க.”

ஆதிமூலம் சிரித்தார். “பூசணிக்கு ஏதுவே கை?”

மாரிக்கண்ணு எழுந்து நின்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. “கை இல்லாதவன் குரல்தான் தலைவரே காலங்காலமா நசுக்கப்பட்டுக்கிட்டு வருது. தரையில கெடந்தவன இன்னைக்குத்தான் நாற்காலியில உக்கார வெச்சிருக்கோம். உக்கார வெச்சிட்டு, ‘உனக்குக் கை இல்ல, வாக்கும் இல்ல’ன்னா நமக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

‘அவங்க’ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. கொம்பையா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்மானம் பூசணிகளின் பெரும்பான்மையால் நிறைவேறியது. தம் சொந்தப் பூசணியே தமக்கு எதிராக வாக்களித்ததுதான் கொம்பையாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆயுத பூஜை அன்று காலையில் டிராக்டருக்குச் சுற்றி உடைக்கப் பூசணிக்காய் தேவைப்பட்டது. ஊரில் முகமில்லாத பூசணி ஒன்றுகூட மிச்சமில்லை. கொம்பையா நன்றாக யோசித்து, எப்போதும் எதிர்த்துப் பேசுகிற சுடலைமுத்துவின் பூசணியை எடுத்து முச்சந்தியில் போட்டு உடைத்தார். செய்தி கேட்ட சுடலைமுத்து, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். “மண்டை செதறிப்போச்சு. இனிமே ஒரு மாசத்துக்கு எதையும் எதிர்க்கக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு,” என்றார்.

மற்றவர்கள் காட்டுக்குப் போனார்கள். சோளத் தண்டு நிற்க வேண்டிய இடத்தில் கோடு போடுவது என்று ஏற்பாடு. கபடிக் களத்துக்குப் போடுகிற சுண்ணாம்புத் தூளை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஆதிமூலம் இறங்கினார்.

“நீர் கண்ண மூடிக்கிட்டுத்தான் போடணும்வே,” என்றார் கொம்பையா. “வழி தெரிஞ்சவன் உள்ள போனா எப்படித் தொலைவான்? அது அழுகுணி ஆட்டம்.”

ஆதிமூலம் கண்ணை இறுக மூடிக்கொண்டு வளைத்து வளைத்துப் போட்டார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டின, சுற்றின, சில இடங்களில் வரப்பேறி இறங்கின. ஒரு கோடு மேய்ந்துகொண்டிருந்த எருமையின் முதுகின் வழியாகப் போனது. எருமை நகர்ந்தபோது அந்தக் கோடும் கூடவே போய்விட்டது. டப்பாவை வரப்போரம் கோணிச் சாக்கால் மூடி வைத்துவிட்டு, தலைவர் கம்பூன்றி முன்னே நடக்க, குழுவும் ஊரின் ஆண்களும் உள்ளே போனார்கள். பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்தார்கள். முதலில் பெரியவர்கள் சோதிக்க வேண்டுமல்லவா?

உச்சிவேளைக்குள் எல்லோரும் முழுமையாகத் தொலைந்திருந்தார்கள்.

கட்டாந்தரையில், பட்டப்பகலில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே தொலைந்திருந்தார்கள். “நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார் ஆதிமூலம். “எனக்கு எதுத்தாப்ல,” என்றார் கொம்பையா. “நீங்க எங்க இருக்கீங்க?” “அது தெரிஞ்சா நான் ஏன்வே நிக்கேன்?”

பெண்கள் தூக்குவாளியில் சுண்டலும் பொரியும் கொண்டுவந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டினார்கள். “கோட்டத் தாண்டி வந்து சாப்பிடுங்களேன்,” என்றாள் பேச்சிக்கனி.

“அது முடியாது. தாண்டினா அழுகுணி,” என்றான் மாரிக்கண்ணு.

வரப்பில் பிள்ளைகள் சத்தம் தாங்கவில்லை. செவ்வந்தி பீப்பியை ஊதி ஊதி, “யப்பா, இடதுபக்கம்! ஐயய்யோ, அது ஆதிமூலம் மாமா போன வழி!” என்று கத்தினாள். அவள் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிந்தது. பிள்ளை அழுகிறாள், ஊரை விட்டுப் போகப் போகிறோமே என்று அழுகிறாள் என்று மாரிக்கண்ணு நினைத்தான். இன்னும் வேகமாக நடந்தான். சுற்றிச் சுற்றி, நின்ற இடத்துக்கே வந்தான்.

சாயங்காலம் கார் வந்து நின்றது. ராசரத்தினம் இறங்கிப் பார்த்தார்.

“என்ன மச்சான் இது?”

“தொலைஞ்சிட்டோம் மச்சான்.”

“கிறுக்குப் பயலுவளா!” என்று சொல்லிக்கொண்டே, மச்சானைக் கையைப் பிடித்து இழுத்துவர விறுவிறுவென்று காட்டுக்குள் இறங்கினார்.

“கோட்ட மிதிக்காதீங்க!” என்று ஊரே கத்தியது.

ராசரத்தினத்தின் கால் அந்தரத்தில் நின்றது. அத்தனை வருடப் பழக்கம். கீழே பார்த்தார். வெள்ளைக் கோடு. காலைப் பின்னால் வைத்தார். அங்கேயும் ஒரு கோடு. வந்த வழியைத் தேடினார்; அவர் வந்ததே வழியில்லாத வழி. “ஒரு நிமிஷம்,” என்றார். பிறகு அவரும் நடக்க ஆரம்பித்தார்.

அப்போது மழை வந்தது. கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனது. பார்த்தால், காட்டில் ஒரு கோடுகூட இல்லை. சுண்ணாம்பு அத்தனையும் கரைந்து ஓடிவிட்டது.

“போச்சு!” என்று தலையில் கை வைத்தார் கொம்பையா. “வழி இருந்தப்பவே வெளிய வர முடியல. இப்ப வழியே இல்ல. யாரும் அசையாதீங்க! எங்க கோடு இருந்ததுன்னு தெரியாம எவன் காலை வெச்சாலும் தாண்டினதா ஆயிரும்.”

எல்லோரும் நின்ற நிலையில் நின்றார்கள். ஆதிமூலம் ஒற்றைக்காலில் நின்றார்.

செவ்வந்தி ஈரப் பாவாடையோடு வரப்பின் முனைக்கு வந்தாள். காரில் பேச்சிக்கனி எடுத்து வைத்த அந்தப் பை இருந்தது. மாரிக்கண்ணு அதையும் பார்த்தான், மகளையும் பார்த்தான்.

“போகாத தாயி,” என்றான்.

செவ்வந்தி திகைத்தாள். “தீர்மானம் போட்டாச்சாப்பா?”

“இல்ல தாயி. இது தனிநபர் கோரிக்கை.”

கொம்பையா அதிர்ச்சியில் அசையப் பார்த்து, நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

“நான் எங்கப்பா போறேன்?” என்றாள் செவ்வந்தி. “மாமா, நான் வரல. உங்க பார்க்குல துட்டு வாங்கிட்டு உள்ள விடுவாங்க, அஞ்சு மணிக்கு வெளிய போன்னு வெரட்டிருவாங்க. இங்க உள்ள போனவங்க யாரும் வெளிய வரவே மாட்டேங்காங்க. இது மாதிரி எங்க மாமா பாக்க முடியும்?”

“சரி தாயி,” என்றார் ராசரத்தினம் ஈனக்குரலில். “இரு. ஆனா என்னைய மட்டும் வெளிய விடச் சொல்லு.”

செவ்வந்தி கோணிச் சாக்கை விலக்கி டப்பாவை எடுத்தாள். வரப்பிலிருந்து அப்பா நிற்கும் இடம் வரைக்கும், அங்கிருந்து மற்றவர்களைத் தொட்டுத் தொட்டு, பிறகு திரும்ப வரப்புக்கும் ஒரே கோடாகப் போட்டாள். “எல்லாரும் இந்தக் கோட்டுமேலயே வாங்க.”

“மேல நடக்கலாமா?” என்று ஆதிமூலம் கேட்டார்.

“தாண்டத்தான் தடை. மேல நடக்கதப் பத்தி ஒண்ணும் இல்ல,” என்று தீர்ப்பளித்தார் கொம்பையா.

செவ்வந்தி முன்னால் கோடு போட்டுக்கொண்டே போக, பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் கம்பூன்றிக்கொண்டு தலைவர், ஆதிமூலம், ஊரின் ஆண்கள், கடைசியில் ராசரத்தினம் என்று வரிசையாக வந்தார்கள். காட்டை விட்டு வெளியே வந்த பிறகு கோடு எதற்கு என்று கேட்க, எதிர்க்கிறவர் கட்டிலில் படுத்திருந்தார். கோடு வண்டிப்பாதையில் ஏறி, காரைத் தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, தெருவுக்குள் நுழைந்தது. மாரிக்கண்ணு வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால், டப்பாவில் சுண்ணாம்பு தீர்ந்துபோனது.

வரிசை நின்றது.

“அந்தாத் தெரியுது நம்ம வீடு,” என்றான் மாரிக்கண்ணு ஏக்கத்தோடு.

செவ்வந்தி கடைக்கு ஓடினாள். கடைக்காரர் தராசையும் படிகளையும் பூஜையில் வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை நாளைக்குத்தான் எடுப்பார். அதுவரை வியாபாரம் கிடையாது.

“பரவாயில்ல,” என்றார் கொம்பையா. “கோடு வரலன்னா என்ன, வீடு வரட்டும். நாம நிக்கிற இந்த இடந்தான் நாளைக் காலை வரைக்கும் மாரிக்கண்ணு வீடுன்னு தீர்மானம் கொண்டுவாரேன். எதிர்க்கவங்க கை தூக்கலாம்.”

யாரும் தூக்கவில்லை. சுடலைமுத்து இல்லாததால் தீர்மானம் கொஞ்சம் சர்வாதிகாரமாகவே நிறைவேறியது. எல்லோரும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு மாரிக்கண்ணு வீட்டுக்குள் வந்து, நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பேச்சிக்கனி வாசலிலிருந்து தலையில் அடித்துக்கொண்டு சோற்றுப்பானையைத் தூக்கி வந்தாள். செவ்வந்தி அப்பா மடியில் ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பீப்பியை ஊதினாள். இப்படி ஒரு லீவு அவளுக்கு வாய்த்ததே இல்லை.

மறுபடியும் மழை பிடித்தது. கொம்பையா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எதுவும் சொல்லாமல் இருந்தார், விருந்தாளி அல்லவா? ராசரத்தினத்துக்குத்தான் பொறுக்கவில்லை. தட்டில் விழுந்த தண்ணீரை வடித்துவிட்டு, அண்ணாந்து வானத்தை நன்றாகப் பார்த்தார்.

“என்ன மச்சான், தங்கச்சியக் கட்டிக்குடுக்கும்போது நல்ல வீடுன்னுதானே சொன்னீங்க?” என்றார். “இப்படி ஒழுகுதே, ஓடு மாத்தக் கூடாதா?”